கேரம் காயில் தொடங்குங்கள்: வடசென்னையிலிருந்து ஒரு 2டி அனிமேஷன் வழிகாட்டி

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் கொஞ்சம் படம் வரைய வருகிற பிள்ளைகள் அனிமேஷன் என்று பேச்செடுத்தால் முதலில் கேட்பது இதைத்தான்: "எந்த சாஃப்ட்வேர்ணா கத்துக்கணும்?"

இருபது வருடத்துக்கு முன் இதற்கு எல்லோரும் ஒரே பதில் சொல்லியிருப்பார்கள்: ஃபிளாஷ். மல்டிமீடியா கோர்ஸ் நடத்திய இடங்களின் போர்டில் அந்தப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். இன்று ஃபிளாஷ் கோப்பை எந்த பிரவுசரும் தானாகத் திறக்காது. ஆனாலும் அன்றைக்கு ஃபிளாஷில் உருப்படியாக வேலை கற்றவர்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை. வேறொன்றுக்கு மாறிக்கொண்டார்கள். எந்த பட்டன் எந்த மூலையில் இருக்கிறது என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

2டி மென்பொருளில் உள்ள ஒவ்வொரு வசதியும் ஒரு காலத்தில் யாரோ கையால் செய்த வேலை. அது என்ன வேலை என்று தெரிந்துவிட்டால், பட்டன் எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப் பிடித்துவிடலாம். அதனால் முதலில் கொஞ்சம் பழைய கதை. அப்புறம் நேராக வேலைக்குப் போய்விடலாம்: பழைய லேப்டாப், காசில்லாத மென்பொருள், ஐந்து நொடிப் படம் ஒன்று.

கையால் செய்த காலம்

சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள், ஓடும். ஒன்றரை மணி நேரப் படம் என்றால் 1,29,600 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது என்பதால் நொடிக்கு 12 படம் வரைந்து சமாளிப்பார்கள். அப்படியும் 64,800 படம் வருகிறது. மூத்த ஓவியர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார்; கை ஓங்கியது ஒன்று, அடித்து முடித்தது ஒன்று. நடுவில் வரும் படங்களை உதவியாளர்கள் வரைவார்கள். பிறகு அந்தப் பென்சில் கோட்டை செல் என்கிற கண்ணாடி போன்ற தாளில் மையால் எடுத்து, பின்பக்கம் பெயிண்ட் பூசி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து, கேமராவுக்குக் கீழே ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பார்கள். செல் முறைக்கு அமெரிக்காவில் ஏர்ல் ஹர்ட் 1914-ல் விண்ணப்பித்து 1915-ல் காப்புரிமை வாங்கினார். பின்னணியை ஒரே தடவை வரைந்துவிட்டு மேலே நகர்வதை மட்டும் மாற்றலாம் என்பதுதான் அதில் விஷயம். இன்று நீங்கள் லேயர் என்று சொல்வது அதுவே.

நம் நாட்டில் இந்த வேலை முறையாகத் தொடங்கியது பம்பாயில். டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் 1956-ல் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து இங்குள்ள ஓவியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

கணினி எந்த வேலையை எப்போது வாங்கியது

முதலில் நடுப்படங்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வைன் என்ற இருவர், இரண்டு முக்கியப் படங்களைக் கொடுத்தால் இடையில் வருவதைக் கணினியே கணக்குப் போட்டு வரையும்படி செய்தார்கள். பீட்டர் ஃபோல்டஸ் அதை வைத்து 1974-ல் எடுத்த 'ஹங்கர்' குறும்படத்தில் கோடுகள் ஒன்றிலிருந்து இன்னொன்றாக உருகி மாறுவதைப் பார்க்கலாம். கான் விழாவில் பரிசும் வாங்கியது. முக்கியப் படத்துக்குக் கீஃபிரேம், கணினி போடும் நடுப்படத்துக்கு ட்வீன் என்று இன்று பார்க்கும் இரண்டும் இந்த வழியில் வந்தவைதான். கணினி வரைந்த நடுப்படத்துக்கு ஒரு வழுவழுப்பு உண்டு. அது இன்றைக்கும் போகவில்லை.

அடுத்து பெயிண்ட். டிஸ்னியும் பிக்ஸாரும் சேர்ந்து செய்த கேப்ஸ் என்ற அமைப்பில் ஓவியர்கள் காகிதத்திலேயே வரைந்தார்கள். அதை ஸ்கேன் செய்து கணினியில் வண்ணம் கொட்டினார்கள். 1990-ல் வந்த 'தி ரெஸ்க்யூயர்ஸ் டவுன் அண்டர்' முழுக்க இப்படி வண்ணம் பூசி அடுக்கப்பட்ட முதல் முழுநீளப் படம். பெயிண்ட் பூசும் பெரிய கூடங்களுக்கு அத்தோடு வேலை குறைந்தது. ஒரு பட்டன் வந்தால் ஒரு கூட்டத்தின் சம்பளம் போகிறது என்பதும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான். நடுப்படங்களை இப்போது ஏஐ வரைகிறது என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது நான் 1974-ஐத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, படத்தைக் கொண்டு சேர்ப்பது. 1996-ல் ஜானதன் கேயும் கூட்டாளிகளும் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்று ஒன்றை வெளியிட்டார்கள். அதை மேக்ரோமீடியா வாங்கி ஃபிளாஷ் என்று பெயர் வைத்தது. டெலிபோன் லைனில் இன்டர்நெட் வந்த காலம் அது. ஒவ்வொரு புள்ளியின் வண்ணத்தையும் அனுப்பாமல், 'இங்கிருந்து அங்கே ஒரு கோடு, உள்ளே சிவப்பு' என்று குறிப்பை மட்டும் அனுப்பியதால் கோப்பு சின்னதாக இருந்தது. இதற்கு வெக்டர் என்று பெயர். ஒரே ஆள் வீட்டில் உட்கார்ந்து கார்ட்டூன் செய்து உலகத்துக்கே காட்டலாம் என்ற நிலை அப்போது வந்தது. 2005-ல் அடோபி மேக்ரோமீடியாவை வாங்கியது. 2016-ல் மென்பொருளின் பெயர் அனிமேட் ஆனது. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷ் பிளேயருக்கு மூடுவிழா. அதில் மட்டுமே ஓடும் கோப்பாக வைத்திருந்தவர்களின் வேலை பலதும் கண்ணுக்குத் தெரியாமல் போனது. இதை நினைவில் வையுங்கள், எக்ஸ்போர்ட் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

நான்காவது, விலை. இத்தாலியில் 1990-களில் உருவான டூன்ஸ் மென்பொருளை ஜப்பானின் ஸ்டுடியோ கிப்லி தன் படங்களுக்குப் பயன்படுத்தியது. நம்மைப் போன்றவர்கள் எட்டிப் பார்க்க முடியாத விலை. 2016 மார்ச்சில் டுவாங்கோ என்ற ஜப்பான் நிறுவனம் அதை ஓபன்டூன்ஸ் என்று மூலநிரலோடு இலவசமாக வெளியிட்டது. அதே வருடம் கிருதா என்ற இலவச ஓவிய மென்பொருளிலும் அனிமேஷன் வசதி வந்தது. 2019-ல் பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளில் உள்ள கிரீஸ் பென்சில் முழு 2டி கருவியாக வளர்ந்தது. கருவி வாங்கக் காசில்லை என்ற காரணத்தை இனிமேல் சொல்ல முடியாது.

மெஷினும் பேனாவும்

4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் போதும், ஆனால் அளவு தெரிந்து வேலை செய்ய வேண்டும். கணக்கு இதுதான். 1920க்கு 1080 அளவில் ஒரு ஃபிரேம், ஒரு லேயர், ஏறத்தாழ 8.3 எம்பி. நொடிக்கு 24 வீதம் ஐந்து நொடிக்கு 120 ஃபிரேம். ஒரே லேயர் கிட்டத்தட்ட 1 ஜிபியைத் தின்றுவிடும். அதையே 1280க்கு 720 என்று குறைத்து, நொடிக்கு 12 ஃபிரேம் வைத்தால் ஒரு லேயருக்கு 220 எம்பிதான். நான்கு லேயர் வைத்தாலும் சமாளிக்கலாம். கிருதா ஃபிரேம்களை ரேமிலேயே வைத்துக்கொள்ளும் சுபாவம் உள்ளது, அதனால் இந்தக் கணக்கு அதற்கு ரொம்ப முக்கியம். வெற்று இடத்துக்கு அது முழு விலை வாங்காது என்பது ஆறுதல்.

பேனா டேப்லெட் சில ஆயிரம் ரூபாயில் திரையில்லாத வகை கிடைக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழையது வாங்குவதானால், கடையிலேயே செருகி, பேனாவை மெதுவாகவும் அழுத்தியும் இழுத்துப் பாருங்கள். கோடு மெலிந்து தடிக்க வேண்டும். பேனாவில் நிப் தேய்ந்திருந்தால் மாற்று நிப் கிடைக்குமா என்றும் கேளுங்கள். டேப்லெட் இல்லாவிட்டாலும் முதல் பயிற்சிக்கு மவுஸ் போதும். நான் கீழே கொடுத்திருக்கும் படத்தில் இரண்டு வட்டம்தான் நகர்கிறது. போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஃபிளிப்பாகிளிப் என்ற ஆப் ஆண்ட்ராய்டில் கிடைக்கும், பழகுவதற்கு நல்லது. இலவசப் பதிப்பில் வாட்டர்மார்க் விழும்.

வீட்டில் உட்கார இடமில்லை, சத்தம் தாங்கவில்லை என்பவர்களுக்கு ஒன்று. கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்று படிக்கவும் லேப்டாப் வைத்து வேலை செய்யவும் அரசு கட்டிய இடம் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

எதை இறக்குவது

பென்சில்2டி மிக லேசானது. வரைவதற்கான லேயர்கள், ஒலிக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, அவ்வளவுதான். பட்டன் குறைவாக இருப்பதால் பயம் வராது. கிருதா ஓவியம் தீட்டுபவர்களுக்கானது, தூரிகைகள் பிரமாதம். சின்ஃபிக்கில் ஒவ்வொரு ஃபிரேமாக வரையவே வேண்டாம், வெட்டி ஒட்டிய பொம்மையைப் போல உருவத்துக்கு எலும்பு வைத்து ஆட்டலாம். ஓபன்டூன்ஸ் காகிதத்தில் வரைந்து ஸ்கேன் செய்கிறவர்களுக்கு இன்றும் சிறந்த இடம், ஆனால் முதல் வாரம் தலை சுற்றும். பிளெண்டருக்கு ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் வேண்டும்.

காசு கொடுக்கும் பக்கம் போனால், தொடர்கள் செய்யும் பெரிய ஸ்டுடியோக்களில் டூன் பூம் ஹார்மனி. விளம்பரம், மோஷன் கிராஃபிக்ஸ் செய்யும் இடங்களில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ். இவற்றைக் கள்ளப் பதிப்பில் பழகச் சொல்லி யாராவது பென்டிரைவ் நீட்டினால் வாங்காதீர்கள். வைரஸ் ஒரு பக்கம்; காசு வாங்கும் வேலை வந்த பிறகு அதைத் திறக்கவே உங்களுக்குக் கை நடுங்கும்.

என்னைக் கேட்டால் கிருதா. கீழே உள்ள படிகள் அதை வைத்துத்தான். மற்றவற்றிலும் வேலை இதேதான்.

கேரம் காயை ஓட விடுவது

பந்து துள்ளுவதுதான் உலகமெங்கும் முதல் பயிற்சி. நம் பக்கம் கேரம் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைக்காரர். தெருவுக்கு ஒரு போர்டு இருக்கிற ஊர் இது. காய் எப்படி ஓடும் என்று உங்கள் கண்ணுக்கு ஏற்கெனவே தெரியும். தப்பாக ஓடினால் பக்கத்து வீட்டுப் பையனே சொல்லிவிடுவான்.

புதுக் கோப்பு, 1280க்கு 720. விண்டோ மெனுவில் வொர்க்ஸ்பேஸ் போய் அனிமேஷன் தேர்ந்தெடுத்தால் கீழே டைம்லைன் வரும். வேகத்தை 12 என்று வையுங்கள். நான்கு லேயர் போடுங்கள்: அடியில் போர்டு, அதன் மேல் காய், அதன் மேல் ஸ்டிரைக்கர், எல்லாவற்றுக்கும் மேலே அளவுக்கோடு. போர்டை ஒருமுறை தீட்டினால் போதும், வலது ஓரத்தில் ஒரு குழி இருக்கட்டும். போர்டு அசையாது, எனவே அதற்கு ஒரே ஃபிரேம். ஏர்ல் ஹர்ட்டின் காப்புரிமையைத்தான் இப்போது பயன்படுத்துகிறீர்கள்.

இனி அளவுக்கோடு. முக்கியமான இடம் இது, பொறுமையாகப் பாருங்கள். பவுடர் போட்ட போர்டில் காய் ஓடும்போது உராய்வு அதன் வேகத்தை ஒரே சீராகக் குறைக்கும். அப்படியானால் ஒவ்வொரு ஃபிரேமிலும் அது கடக்கும் தூரம் ஒரே அளவாகக் குறைந்துகொண்டே வரும். முதல் ஃபிரேமில் 120 பிக்சல், அடுத்து 110, அடுத்து 100, இப்படியே 10 வரை. பன்னிரண்டு இடைவெளி, மொத்தம் 780 பிக்சல், ஒரு நொடி. காய் இடது ஓரத்திலிருந்து 400-வது பிக்சலில் இருந்தால் 1180-ல் போய் நிற்கும். அங்கே குழியின் விளிம்பு இருக்கட்டும். இந்தப் புள்ளிகளை மேல் லேயரில் சின்னச் சின்னக் கோடாகக் குறித்துக்கொள்ளுங்கள். கையால் வரைந்த காலத்தில் மூத்த ஓவியர் தாளின் ஓரத்தில் இதேபோல ஒரு அளவுக்கோடு போட்டு உதவியாளருக்குக் கொடுப்பார்.

ஸ்டிரைக்கரின் எடை அதிகபட்சம் 15 கிராம். காய் 5 கிராமுக்குச் சற்று மேல். மூன்று மடங்கு கனமானது நேராக மோதினால் அது அங்கேயே நின்றுவிடாது. பாதி வேகத்தில் தொடர்ந்து போகும், காய் ஸ்டிரைக்கரின் வேகத்தைப் போல ஒன்றரை மடங்கில் பாயும். மோதலில் கொஞ்சம் வேகம் வீணாகும் என்பதை முதல் படத்துக்கு மறந்துவிடலாம். ஆக, ஸ்டிரைக்கர் வரும்போது 110, 100, 90 என்று வந்து, மோதும் நேரத்தில் 80 வேகத்தில் இருக்கும். மோதிய பின் அது 40, 30, 20, 10 என்று நின்றுவிடும், காய் 120-ல் கிளம்பும். மோதியதும் ஸ்டிரைக்கரை அப்படியே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ பொய்யாக இருக்கிறது என்று மட்டும் படும்.

நேரத்தைப் பிரிப்போம். 1 முதல் 12 வரை எதுவும் ஓடாது. அந்த ஒரு நொடியில் ஸ்டிரைக்கரைக் கொஞ்சம் இடது வலம் அசைத்துக் குறி பார்க்கலாம். உண்மையில் யாரும் வைத்தவுடன் அடிப்பதில்லையே. 13, 14, 15-ல் ஸ்டிரைக்கர் வருகிறது, 15-ல் மோதல். 16 முதல் 27 வரை காய் ஓடுகிறது. 28 முதல் 33 வரை, அரை நொடி, காய் குழியின் விளிம்பில் அப்படியே நிற்கட்டும். சுற்றி நிற்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் இடம் அது. 34, 35, 36-ல் காய் சிறுத்து, இருண்டு, உள்ளே விழுகிறது. கணிதப்படி அந்த அரை நொடி நிற்கத் தேவையில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள், படத்தில் உயிரே இருக்காது. மீதி 60 வரை போர்டும் நின்றுவிட்ட ஸ்டிரைக்கரும் மட்டும். அங்கே ஒரு கை வந்து ஸ்டிரைக்கரை எடுத்துக்கொண்டு போகலாம். கை வரைய வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வரையும் முறை எளிது. காய் லேயரின் முதல் ஃபிரேமில் காயை வரையுங்கள். டைம்லைனில் 16-ஆம் கட்டத்தில் வலது கிளிக் செய்து அதே ஃபிரேமை நகலெடுத்து, அளவுக்கோட்டின் அடுத்த புள்ளிக்கு நகர்த்துங்கள். 27 வரை இதேதான். லேயரின் பக்கத்தில் உள்ள பல்பு சின்னத்தை அழுத்தினால் முந்தைய, பிந்தைய படங்கள் மங்கலாகத் தெரியும். இதுதான் ஆனியன் ஸ்கின். அந்தக் காலத்தில் கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு எரிய, தாள்களை விரலால் புரட்டிப் புரட்டிப் பார்த்த வேலை. கடைசியில் அளவுக்கோடு லேயரின் கண்ணை மூடிவிட்டு ஓட விடுங்கள்.

ஓடியதா? இப்போது இதையே கணினியிடம் கொடுத்துப் பாருங்கள். சின்ஃபிக்கிலோ பிளெண்டரிலோ 400-ல் ஒரு கீஃபிரேம், 1180-ல் ஒரு கீஃபிரேம் வைத்து நடுவை விட்டுவிடுங்கள். பல மென்பொருள்கள் தாங்களாகவே இரண்டு முனையிலும் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும். காய் தயங்கித் தயங்கிப் புறப்பட்டு, நடுவில் வேகமெடுத்து, மறுபடி தயங்கி நிற்கும். அடி வாங்கிய காய் அப்படிக் கிளம்பாது. வேக வளைவைத் திறந்து தொடக்கத்தைச் செங்குத்தாக்கினால் சரியாகிவிடும். ட்வீன் உங்களுக்கு உழைப்பை மிச்சப்படுத்தும், ஆனால் அது கேரம் ஆடியதில்லை.

இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டால் குத்துச்சண்டை. குத்து போவதற்கு முன் தோள் பின்னால் போகும், அது மெதுவாக. குத்து ஒன்றிரண்டு ஃபிரேமில் முடிந்துவிடும். கை முகத்தில் படும் அந்த ஃபிரேமையே எடுத்துவிட்டு, முன், பின் இரண்டை மட்டும் வைத்தால் அடி இன்னும் கனமாகத் தெரியும். பழைய அனிமேட்டர்களின் தந்திரம் இது. சுழற்சிப் பயிற்சி வேண்டுமானால் காலையில் காசிமேடு போய் நில்லுங்கள். கட்டிய படகு அலையில் ஏறி இறங்குவது, வலை பின்னுகிற கை போய்த் திரும்புவது, இரண்டும் தொடங்கிய இடத்திலேயே முடியும் அசைவுகள். அந்த மாதிரி அசைவை எட்டு படத்தில் வரைந்து திரும்பத் திரும்ப ஓடவிடலாம்.

தமிழ் பேச வைப்பது

உருவம் வாய் திறந்து பேச வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. ஆங்கிலப் பாடங்களைப் பார்த்து வாய் வடிவங்களை அப்படியே எடுத்தால் தமிழுக்குப் பொருந்தாது. கீழே சொல்வது என் கைப்பழக்கம்.

ஆறு வாய் போதும்: மூடியது ப, ம-வுக்கு, அகலத் திறந்தது அ, ஆ-வுக்கு, பக்கவாட்டில் இழுத்தது இ, ஈ, எ, ஏ-வுக்கு, குவிந்தது உ, ஊ, ஒ, ஓ-வுக்கு, கீழுதடு மேற்பல்லைத் தொடுவது வ-வுக்கு, மற்ற எல்லாவற்றுக்கும் லேசாகத் திறந்த ஒன்று. ல, ள, ழ மூன்றும் நாக்கின் வேலை, முன்னால் இருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள். மூடிய வாயை ஒலிக்கு ஒரு ஃபிரேம் முன்னதாக வையுங்கள்.

இரண்டு இடத்தில் ஜாக்கிரதை. ஒன்று, இரட்டித்த மெய். 'அம்மா', 'அப்பா' என்று சொல்லும்போது உதடு மூடியே கொஞ்ச நேரம் நிற்கும். ஆங்கிலப் பழக்கத்தில் ஒரே ஃபிரேம் மூடினால் 'அமா' என்று பேசுகிற மாதிரி இருக்கும். நொடிக்கு 12 என்றால் இரண்டு ஃபிரேமாவது பிடியுங்கள். இன்னொன்று, சொல்லின் கடைசியில் வரும் குற்றியலுகரம். 'வந்து', 'நேத்து', 'காசு' என்பவற்றின் கடைசி உகரத்துக்கு உதடு குவியாது. எழுத்தில் உ இருக்கிறதே என்று குவித்துவிட்டால், ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஆள் விசில் அடிக்கப் போகிறவர் மாதிரி தெரிவார். நம் பக்கத்துப் பேச்சில் பாதி எழுத்து விழுங்கப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று தாளில் எழுதிவைத்துக்கொண்டு வாய் வரையாதீர்கள். பதிவில் 'வந்துனுகீறேன்' என்று இருந்தால் அதற்குத்தான் வாய்.

இதைத் தானாகச் செய்ய ரூபார்ப் லிப் சிங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதன் வழக்கமான முறை ஆங்கிலச் சொற்களைத் தேடும். தமிழுக்கு ஃபொனெட்டிக் முறையைத் தேர்ந்தெடுங்கள், அது ஒலியை மட்டும் பார்க்கும். கொடுத்ததை வாங்கி, மேலே சொன்ன இரண்டு இடத்தையும் கையால் திருத்துங்கள்.

ஒலிப்பதிவுக்கு போன் போதும். ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் குடியிருந்தால் கண்டெய்னர் லாரி உங்கள் வசனத்துக்கு நடுவில் வராமல் இருக்காது. துணி நிறைய தொங்கும் அலமாரியைத் திறந்து, அதற்குள் முகத்தை வைத்துப் பேசுங்கள். எதிரொலியும் குறையும், தெருச் சத்தமும் கொஞ்சம் அடங்கும். ஒலியை முதலில் முடித்துவிட்டு அதற்கு வரையுங்கள்; வரைந்துவிட்டுப் பேசினால் எங்கேயும் ஒட்டாது.

தமிழ் எழுத்து

தலைப்பு போடும்போது 'கொ' என்பது கொம்பும் காலும் எங்கெங்கோ பிரிந்து நிற்கிறது என்ற புகார் அடிக்கடி வரும். எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதி சில மென்பொருள்களில் சரியாக இல்லை, சிலவற்றில் அமைப்பில் போய் மாற்ற வேண்டும். சுலபமான வழி: இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் யூனிகோட் எழுத்துருவில் அடித்து, எழுத்தைப் பாதையாக மாற்றி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து உள்ளே கொண்டுவாருங்கள். இதைவிட நல்ல வழி கையால் எழுதுவது. சுவர் விளம்பரமும் கட்-அவுட்டும் எழுதிய கைகள் நம் தெருக்களில் இன்னும் இருக்கின்றன. அந்த எழுத்தின் கம்பீரம் எந்த எழுத்துருவிலும் இல்லை. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் ஆங்கில எழுத்து, எண், இடைவெளி இல்லாமல். தமிழ்ப் பெயர் வைத்தால் சில மென்பொருள் மக்கர் செய்யும்.

வெளியே எடுப்பது

கிருதாவில் ஃபைல் மெனுவில் ரெண்டர் அனிமேஷன். எம்பி4 வீடியோ ஒன்று எடுங்கள், அது காட்டுவதற்கு. கூடவே பிஎன்ஜி படவரிசை ஒன்று, அது உங்களுக்கு. ஃபிளாஷ் கதையில் சொன்னேனே, மென்பொருள் போனாலும் பிஎன்ஜி படங்களை எதிலும் திறக்கலாம். போனில் பார்ப்பவர்களுக்கு என்றால் முதலிலேயே நெட்டுக்குத்தாக, 720க்கு 1280 என்று கோப்பு திறந்துவிட வேண்டும். படுத்த படத்தை அப்புறம் நிமிர்த்த முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

வேலை எங்கே இருக்கிறது

குழந்தைப் பாட்டு, கல்யாண அழைப்பு, பள்ளிப் பாடத்துக்கான விளக்கப் படம், கானா பாட்டுக்கு வரிகள் ஓடும் வீடியோ, கடை விளம்பரம், மொபைல் கேமுக்கு உருவங்கள், சினிமாக் காட்சியை முன்கூட்டியே அசைத்துப் பார்க்கும் அனிமேட்டிக்ஸ். அக்கம்பக்கத்தில் முதலில் கிடைப்பது கல்யாண அழைப்பும் கடை விளம்பரமும்தான். அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். பத்து நொடிக்குள் பெயர், தேதி, இடம் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லி முடிப்பது நல்ல பயிற்சி.

முறையாகப் படிக்க நினைத்தால், தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. வரைவதில் அடித்தளம் வேண்டுமானால் எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி நமக்குப் பக்கம். லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டு, வேலை நிச்சயம் என்று சொல்லும் தனியார் கோர்ஸ் என்றால், அங்கே போன வருடம் படித்த இரண்டு பேரிடம் தனியாகப் பேசிவிட்டுப் பணம் கட்டுங்கள். அவர்கள் செய்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள். கேரம் காய் ஒழுங்காக நிற்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் வேலை வந்தால் மூன்றைப் பேசி வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதிப் பணம் முன்பணம். திருத்தம் எத்தனை முறை. இரண்டு முறைக்கு மேல் போனால் தனிக் காசு. மூலக் கோப்பு யாருக்கு. எம்பி4 மட்டும் கொடுப்பது வழக்கம், கிருதா கோப்பும் வேண்டும் என்றால் அதற்கு வேறு விலை. கல்யாண அழைப்பு என்றால், தேதியும் மண்டபத்தின் பெயரும் எழுதிய படத்தை முதலில் அனுப்பி, 'ஓகே' என்று பதில் வந்த பிறகே அசைக்க ஆரம்பியுங்கள்.